தேரி ஏறாத மோட்டார்

கடற்கரை மாவட்டத்தில் மேடு இருக்காது என்று நம்புகிறவர்கள் ஒருமுறை எங்கள் தேரிச் சாலையில் சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். ஆடி மாதம், காலை எட்டு மணி, கேரியரில் ஒரு பை காய்கறி. ஏறி முடித்ததும் மூச்சு மிச்சமிருந்தால், அது மேடா சமதரையா என்று என்னிடம் வந்து சொல்லட்டும். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும்.

நான் குடியிருப்பது கடலோரத்தில். வேலை பார்ப்பது தேரிக்கு அந்தப் பக்கம், பனங்காட்டு ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில். சத்துணவு அமைப்பாளர். இரண்டு ஊருக்கும் நடுவில் கிடப்பதுதான் தேரி; காற்று கொண்டுவந்து குவித்த செக்கச்செவேலென்ற மணல் மேடு. தார்ச்சாலை அதன்மேல் மூன்று இடத்தில் ஏறி இறங்குகிறது. நடு ஏற்றத்தில் ஆட்டுக்காரர்களே கொஞ்சம் நின்றுதான் போவார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது மேற்கிலிருந்து மணலை வாரி முகத்தில் இறைக்கும். நான் போவதும் மேற்கேதான்.

பதினெட்டு வருடம் அந்த மேட்டை மிதித்தேன். பிறகு வலது முழங்கால் மிதிக்க மறுத்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சமதரையில் சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் சீக்கிரமே கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். பஸ்ஸில் போகலாமே என்றும் சொன்னார். எங்கள் பஸ் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது மணி பத்தரை ஆகிவிடும். ஸ்டோர் சாவி என்னிடம். ஒன்பது மணிக்கு நான் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தால்தான் அடுப்பு பற்றும்.

ஸ்கூட்டி வாங்கினால் என்ன என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. வாங்கினேன். ஒரு நாய் குறுக்கே வந்தது, விழுந்தேன், தோள்பட்டை இறங்கியது. அன்றிலிருந்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்குக் கடலில் நீந்தத் தெரியாது, அதை நான் கேட்டுச் சிரித்ததில்லை.

இன்னொரு யோசனையும் எல்லோர் வாயிலும் தயாராக இருந்தது. எங்கள் தெருமுனையிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே மாறுதல் வாங்கிக்கொள்ளலாமே என்று. அந்தப் பள்ளியில் சமைப்பது என் கணவரின் சித்தி. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வது அவருடைய நாத்தனார். அங்கே போனால் நான் அமைப்பாளர் இல்லை, பெரிய வீட்டு மூத்த மருமகள். எத்தனை முட்டை உடைந்தது என்பதிலிருந்து என்ன புடவை கட்டினேன் என்பது வரை சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். தேரிக்கு அந்தப் பக்கம் நான் யாருடைய மருமகளும் இல்லை. பதிவேட்டில் என் பெயர் இருக்கிறது, என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த ஆறு மணி நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. முழங்காலுக்கும்தான்.

அப்படித்தான் சைக்கிளில் மோட்டார் மாட்டும் எண்ணம் வந்தது. என் பழைய லேடீஸ் சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளலாம், நாம் மிதித்தால் அதுவும் சேர்ந்து தள்ளும் என்று கேள்விப்பட்டேன். செல்போனில் தேடி, ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்திருக்கும் வகை ஒன்று, பெடலுக்கு நடுவில் வைக்கும் வகை இன்னொன்று. சக்கர மோட்டார் சமதரையில் பறக்கும், ஆனால் செங்குத்தில் மெதுவாக ஊர்ந்து ஏறும்போது திணறிச் சூடாகும். முன்சக்கரத்தில் மாட்டினால் மணலில் வழுக்கும். நடு மோட்டார் சங்கிலி வழியாக இழுப்பதால், பின்னால் கியர் இருந்தால் சின்ன கியரில் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறலாம். அதிலும் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று உணர்ந்து அதற்கேற்பத் தள்ளும் சென்சார் உள்ளது முழங்காலுக்கு நல்லது. ஆக்ஸிலேட்டரே தேவையில்லை. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தெரிந்திருந்தும் நான் செய்த காரியம் அப்படி.

முதலில் டவுனில் எலக்ட்ரிக் வண்டிக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடு ஏறணும் அண்ணாச்சி. பெடலுக்கு நடுவுல வைக்கிற மோட்டார் இருக்கா?"

"நம்ம ஊர்ல ஏதுக்கா மலை?" என்று சிரித்தார். "அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல்காரங்க வாங்குதது. நமக்குச் சக்கரத்து மோட்டாரு போதும். இங்கன எல்லாரும் இதத்தான் கொண்டு போறாவ."

"தேரிக்குப் போயிருக்கியளா?"

"கார்ல போயிருக்கேன். மேடா தெரியலியே."

காரில் போனவருக்கு இமயமலையும் மேடாகத் தெரியாது. அவர் நீட்டிய விலைத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் என் கொழுந்தன் காத்திருந்தான். என் கணவருக்கு நேர் இளையவன், மீன்பிடி வள்ளத்து எஞ்சின் மெக்கானிக். பொய் சொல்லக் கூடாது, எஞ்சின் வேலையில் கெட்டிக்காரன்தான். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைச் செல்போனில் சத்தத்தை மட்டும் கேட்டே கிளப்ப வைத்தவன். அதனால் உலகத்தில் சுற்றுகிற எதுவும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று அவனுக்கு நினைப்பு. ஃபேன் ஓடாவிட்டாலும் அவன்தான், மிக்ஸி நின்றாலும் அவன்தான். வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கும்போது வெளியாளிடம் வேலை கொடுப்பது எங்கள் கரையில் அவமானம். அவனுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே.

"மோட்டாரு பின்சக்கரத்துலதான் இருக்கணும் மைனி" என்றான். "வள்ளத்துல எங்கன மாட்டுதோம்? பின்னாலதான. நடுவுலயா மாட்டுதோம்?"

"ஏலே, வள்ளம் மேடு ஏறுமா?"

"அலை ஏறுதுல்லா?"

பக்கத்திலிருந்த மாமியார் தலையை ஆட்டி ரசித்தார். என் கணவர் கப்பலில் வேலை செய்கிறவர், வருடத்தில் ஒன்பது மாதம் வாட்ஸ்அப்பில்தான் இருப்பார். அவரும் வீடியோவில் வந்து, "தம்பி சொல்லுதத கேளு, அவனுக்குத் தெரியாததா" என்றார். நான் ஒரு மாதம் படித்ததை ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், அங்கே சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று போனை வைத்தார். நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை எனக்கு என்மேல் ஆத்திரம். மோட்டார் என் சைக்கிளுக்கு, முழங்கால் என்னுடையது, மேடு நான் ஏறுவது. ஆனால் ஸ்பேனர் அவன் கையில் இருந்தது, அதனால் பேச்சும் அவனுடையதாகிவிட்டது.

அவனே போய் ஒரு சக்கர மோட்டாரை வாங்கி வந்தான். கடையில் இருந்ததிலேயே வேகம் அதிகமாக ஓடுவது. ஆக்ஸிலேட்டரும் வைத்தான். வேண்டாம், கை நடுங்கும் என்றேன். "பழகிரும் மைனி" என்றான். என் கை பழகுமா பழகாதா என்பதும் அவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

அதற்கு மேல் செய்ததுதான் எங்கள் கரைக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம். இங்கே எதையும் ரெசின் என்கிற கெட்டிப் பசையால்தான் காப்பாற்றுவார்கள். வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் ஃபைபர் பாயை வைத்து ரெசின் பூசுவார்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகினாலும் ரெசின், மணிக்கூண்டில் விரிசல் விட்டாலும் ரெசின். விட்டால் என் முழங்காலுக்கும் ஒரு கோட் அடித்திருப்பார்கள். கொழுந்தன் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் பெட்டியைக் கையில் எடுத்தான். அலுமினியப் பெட்டி, சூடு வெளியேறுவதற்காகவே மேலே வரிவரியாகத் தகடு வைத்தது. அதை ஃபைபர் பாயால் சுற்றி, ரெசினைக் குழைத்து இரண்டு கோட் பூசினான். பிறகு மோட்டாரின் ஓரத்து இணைப்புகளிலும் இடைவெளி இல்லாமல் அப்பினான். முடித்ததும் அது பலாக்கொட்டையை வேகவைத்து உருட்டினது போல இருந்தது.

"சூடு எப்படிலே வெளிய போகும்?" என்றேன்.

"சூடா? உப்புக் காத்துதான் மைனி நமக்கு எதிரி. இனி நீங்க கடலுக்குள்ள எறக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

நான் கடலுக்குள் சைக்கிள் ஓட்டப் போவதில்லை என்பதை அவனிடம் யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை மாதா கோவில் வாசலுக்குக் கொண்டுபோய், புதுவள்ளத்தை மந்திரிப்பது போலப் பங்குச் சாமியாரை விட்டு மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வைத்தான். பிறகு கடற்கரைச் சாலையில் அவனே ஏறி ஓட்டிக் காட்டினான். ஒரு சாண்கூட மேடில்லாத சாலை. பறந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். எவ்வளவு வேகம் என்று கேட்டார்கள், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். தேரி ஏறுமா என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

திங்கட்கிழமை கிளம்பினேன். முதல் ஏற்றம் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகினாலும் முன்னுக்குப் பாய்ந்தது, கை நடுங்கியது, இருந்தாலும் ஏறிவிட்டேன். இறக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டே இறங்கினேன். நடு ஏற்றத்தில் பாதி போனதும் மோட்டார் முனகியது. எதிர்க்காற்று வேறு. வேகம் குறையக் குறைய முனகல் கூடியது. பிறகு வள்ளம் கட்டும் கொட்டகையில் வரும் அதே வாடை, ரெசின் வாடை, மூக்கில் ஏறியது. கன்ட்ரோலரிலிருந்து நூல் போலப் புகை. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து சைக்கிள் முன்னைவிட இரண்டு மடங்கு கனத்தது. வெறும் சைக்கிளாக இருந்தால் தள்ளிவிடுவேன். இதைத் தள்ளுவது வர மனசில்லாத கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. ரோட்டில் படிந்த மணலில் செருப்பு வழுக்க, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்குள் யாரோ திருகினார்கள். வழியில் இரண்டு கார் போனது. ஒன்று ஹாரன் அடித்தது.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால். சமையலம்மா காய்ந்த அடுப்புக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சோறு பொங்கி இறக்கும்போது ஒன்றரை மணி தாண்டிவிட்டது. பிள்ளைகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றுகூட அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் அதில் யார் யார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு மரியாதைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இவர்கள் பட்டினி கிடந்தார்கள். அன்று ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன்.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த சைக்கிளைக் கொழுந்தன் பார்த்தான். "ஆக்ஸிலேட்டர முழுசா திருகியிருப்பிய" என்றான். ரெசினைப் பற்றி நான் வாய் திறந்ததும், கன்ட்ரோலர் பெட்டி செய்த கம்பெனியைக் குறை சொல்ல ஆரம்பித்தான். கணவர் வீடியோவில் வந்தார். "முழங்கால கெடுத்துக்கிடாத. நம்ம தெருப் பள்ளிக்கூடத்துக்கே மாத்தல் வாங்கிருவோம்" என்றார். மாமியார் அன்றைக்கு எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தார். எல்லோரும் என்மேல் பாசமாக இருந்தார்கள். எனக்குத்தான் அந்தப் பாசத்தில் ஏதோ அவசரம் இருப்பது போலத் தோன்றியது.

மறுநாள் வலை அறுக்கும் கத்தியால் மோட்டாரின் வயர்களை எல்லாம் அறுத்தெறிந்தேன். ஒரு வாரம் லீவு போட்டு, ஸ்டோர் சாவியைத் தலைமையாசிரியருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மலை ஊர் ஒன்றில் இந்த உபகரணங்கள் விற்கிற ஒருவருக்குப் போன் செய்தேன். அந்த ஆள் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள் எடை என்ன, கேரியரில் எவ்வளவு பாரம், ஏற்றம் எவ்வளவு நீளம், நடுவில் நின்று திரும்பக் கிளம்ப இடம் உண்டா என்று கேட்டார். பிறகு, "எந்தக் கால்ல வலி?" என்றார். அத்தனை மாதத்தில் அதைக் கேட்ட ஒரே மனுஷன், என்னைப் பார்த்தே இராத ஒருவர். நடு மோட்டாரையே அனுப்பச் சொன்னேன். அழுத்தம் உணரும் சென்சாரோடு, ஆக்ஸிலேட்டர் இல்லாமல்.

பார்சல் வந்ததும் வீட்டில் பிரிக்கவே இல்லை. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து ஊரிலிருக்கும் சைக்கிள் கடைக்குப் போனேன். சைக்கிளை முந்தின நாளே ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அங்கே அனுப்பியிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நான் மாட்டுனதில்ல. மொதல்ல அந்த மேட்ட ஒரு வாட்டி நானே ஏறிப் பாத்துட்டு வாரேன்" என்று தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து வேட்டியெல்லாம் செம்மண்ணாகத் திரும்பி வந்து, சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். "ஏ யம்மா, இதையா தெனம் மிதிக்கிய?" என்றார். மேடு மேடுதான் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பின்சக்கரத்தில் கியர் வைத்து, பெடல் அச்சு நுழையும் கூட்டை அரம் போட்டு இழைத்து, இரண்டு நாளில் மாட்டிக் கொடுத்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த இரண்டு நாளும் பெண்கள் ஏன் வீட்டோடு இருக்க வேண்டும் என்று எனக்கு வகுப்பு எடுத்தார். கை நல்ல கை என்பதால் காதை மூடிக்கொண்டேன்.

இப்போது ஏறுகிறது. பறக்கவில்லை. சின்ன கியரில் போட்டால் ஆட்டுமந்தை என்னை முந்திக்கொண்டு போகும், அவ்வளவு நிதானம். ஆனால் நிற்பதில்லை, சூடாவதில்லை, முழங்கால் முனகுவதில்லை. எட்டே முக்காலுக்கு ஸ்டோரைத் திறந்துவிடுகிறேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

நாலாவது வாரம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி என் கோப்பைப் பிரித்து, "சந்தோஷமா போங்கம்மா, உங்க தெருப் பள்ளிக்கூடத்துக்கே மாறுதல் கெடச்சிருக்கு" என்றார்.

"நான் கேக்கலியே சார்."

"கேக்காமயா? மனு இருக்கே." எடுத்து நீட்டினார். முழங்கால் வலி, குடும்பச் சூழ்நிலை, கருணையோடு பரிசீலிக்கவும் என்று எல்லாம் முறையாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். கொழுந்தன் மோட்டார் வாங்கப் போவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "அண்ணன்தான் எழுதிக் கொடுக்கச் சொன்னாரு மைனி" என்றான். "அந்த மோட்டாரு தேரி ஏறாதுன்னு எனக்குத் தெரியும்லா. சொன்னா நீங்க கேக்க மாட்டிய. ஒரு நாள் நடுவழில நின்னா நீங்களே வேண்டாம்னு விட்டுருவியன்னு நெனச்சோம்."

நெனச்சோம் என்றான். நெனச்சேன் என்றுகூட இல்லை. நான் படித்த அத்தனையும் அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தே பின்சக்கரத்தில் மாட்டி, தெரிந்தே மந்திரித்து, தெரிந்தே என்னை அந்த மேட்டில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ரெசின் மட்டும்தான் அவன் மனதாரச் செய்தது. போனை அணைத்துவிட்டு உள்ளே போய், மாறுதல் வேண்டாம் என்றேன்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுவிலிருந்தது அச்சடித்தது போல அழகாக இருந்தது, என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் போட்டிருந்தான். நான் போட்டது கை நடுங்கியதில் கோணலாக விழுந்திருந்தது.

"இதுல எதும்மா உங்களோடது?" என்றார்.

"கோணலா இருக்குதுல்லா சார்," என்றேன், "அதுதான் என்னுது."